என்டர் பட்டனில் வைத்த இரும்புக் கட்டை

என் அண்ணியை அச்சகத்தில் எல்லோரும் ‘ரேட்டக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் அண்ணி என்பேன், அதுவும் சண்டை இல்லாத நாட்களில். அவர் அங்கே விலை போடுபவர், நான் பிழை திருத்துபவள். இருபது வருடமாக ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்பும் நாத்தனாரும் அண்ணியும் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கு என் அனுதாபங்கள்.

தொழில் அப்படி என்பதால் எதைப் பார்த்தாலும் எனக்குப் பிழைதான் முதலில் கண்ணில் படும். வீட்டில் அண்ணியிடம் நான் கண்ட பிழைகளை எழுதினால் ஒரு நோட்டு போதாது. ஆனால் அச்சகத்தில் அவர் வேலையில் குறை சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து அதன் கனத்தைச் சொல்லுவார். தராசில் போட்டுப் பார்த்தால் அதேதான் இருக்கும். ஒரு புத்தகம் அடிக்க எவ்வளவு ஆகும் என்று யாராவது கேட்டால், அளவு, பக்கம், தாள், நிறம், எண்ணிக்கை, தையலா பசையா என்று ஆறு கேள்வி கேட்டுவிட்டு, மிஷின் சூடாகும் வரை வீணாகும் தாள்களையும் சேர்த்து விலையைச் சொல்லிவிடுவார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு இந்த வேலையையே ஒரு புரோகிராமாக எழுதினார். வாடிக்கையாளர் எங்கள் இணையப் பக்கத்தில் அதே ஆறு கேள்விக்கும் பதில் போடுவார். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு விலையை அண்ணியின் திரையில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தும். அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்து என்டர் தட்டினால்தான் அது வாடிக்கையாளருக்குப் போகும்.

“அதுக்குத் தாளைத் தொட்டுப் பாக்கத் தெரியுமா? நான் பாக்காம ஒண்ணுகூட வெளிய போகாது” என்பார். முதலாளி அதைக் கேட்டுத் தலையாட்டுவார். அவர் அண்ணியைவிடப் பத்து வயது சின்னவர். அவர் அப்பா காலத்திலேயே அண்ணி வேலைக்கு வந்துவிட்டதால் அவர் அக்கா என்பார், இவர் தம்பி என்பார்.

இன்னொருவரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு விதைக்கடைக்காரர் உண்டு. விதைப் பாக்கெட்டுக்கான உறைகளை வருடா வருடம் எங்களிடம்தான் அடிப்பார். வரும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பழைய காகிதத்தை எடுத்து விரிப்பார். என்றைக்கோ எங்களிடமிருந்து போன ஒரு கொட்டேஷன் அது. “இந்த விலைக்கு ஒரு தடவ போட்டுக் குடுத்தீங்களே, மறுபடி எப்போ குடுப்பீங்க?” என்று கேட்டுச் சிரிப்பார். அந்த விலைக்குத் தாள்கூட வாங்க முடியாது. எல்லோரும் சிரிப்போம். அண்ணி மட்டும் ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போய்விடுவார். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

இந்த வருடம் ஒரு நாள் காலையில் வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தது. அனுப்பியது பெரிய கம்பெனி ஒன்று. அச்சு வேலைக்குக் கம்ப்யூட்டர் மூலம் விலை சொல்லும் முறைக்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால் விண்ணப்பித்துக் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறார்களாம். எங்கள் இணையப் பக்கம் அதை மீறுகிறதாம். உடனே நிறுத்த வேண்டும், இத்தனை வருடத்துக்கும் நஷ்ட ஈடு தர வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. தொகையைப் படித்த முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மிஷின்கள், கட்டடம் எல்லாவற்றையும் விற்றாலும் பாதிகூடத் தேறாது. அச்சகத்தில் நாங்கள் இருபத்திரண்டு பேர். என் வீட்டில் அந்த இருபத்திரண்டில் இரண்டு.

முதலாளி ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றி வைத்திருக்கும் அம்மா. எழுத்துப் பிழை பார்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் அண்ணியோடு கூட்டிக்கொண்டு போனார்கள். வக்கீலம்மா அந்தக் காப்புரிமைப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

“முன்னாடி இருக்கறதெல்லாம் கதை. கடைசில இருக்கே, இந்த உரிமைக்கோரல், இதுதான் வேலி. இதுக்குள்ள நாம நிக்கிறோமா இல்லையாங்கறதுதான் வழக்கு” என்றார். “இதுல அஞ்சு அம்சம் இருக்கு. அஞ்சும் நம்மகிட்ட இருந்தாதான் மீறல். ஒண்ணு குறைஞ்சாலும் நாம வேலிக்கு வெளிய.”

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். வாடிக்கையாளரிடமிருந்து விவரங்களைப் பெறுதல், இருக்கிறது. அவற்றைக் கம்ப்யூட்டரில் சேமித்தல், இருக்கிறது. தாள், மை, கூலி விவரங்களோடு ஒப்பிடுதல், இருக்கிறது. விலையைக் கணக்கிடுதல், அதுவும் இருக்கிறது. ஒவ்வொரு ‘இருக்கிறது’க்கும் முதலாளி ஒரு அங்குலம் குறுகினார்.

“அஞ்சாவது: அந்த விலையை எந்த மனிதரின் தலையீடும் இல்லாமல் வாடிக்கையாளருக்கு அனுப்புதல்.” வக்கீலம்மா நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். “நீங்க பாத்துதானே அனுப்புறீங்க?”

“ஆமா” என்றார் அண்ணி.

“ஒவ்வொண்ணையும்?”

“ஒவ்வொண்ணையும்.”

“அப்ப பொழச்சோம். இந்த அஞ்சாவதுல தொங்கிக்கிட்டுதான் நம்ம உயிர் இருக்கு. ஆரம்பத்துலேருந்து இன்னிவரைக்கும் நான் பாக்காம எதுவும் போனதில்லன்னு நீங்க சத்தியப் பிரமாணம் பண்ணி ஒரு வாக்குமூலம் குடுக்கணும். வெள்ளிக்கிழமை கையெழுத்து. அவங்க நம்ம கம்ப்யூட்டர் பதிவுகளையும் கேப்பாங்க, எதையும் தொடாதீங்க.”

முதலாளிக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. வெளியே வந்ததும், “அக்கா, நீங்க இல்லன்னா நாங்க தெருவுலதான் நின்னிருப்போம்” என்றார். அண்ணி விறுவிறுவென்று பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். பேருந்தில் அவர் டிபன் டப்பா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டப்பா கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. பேருந்து சிக்னலில் நின்ற போதும் அது ஆடியது. அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

அடுத்த மூன்று நாள் அண்ணி சாப்பிட்டதாகப் பெயர் பண்ணினார். வாசல் மணி அடித்தால் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன், “என்னடி இது, பேயறைஞ்ச மாதிரி இருக்க?” என்று கேட்டதற்கு, தலைவலி என்றார். என் அண்ணன் அப்பாவி, தலைவலி மாத்திரை வாங்கப் போய்விட்டார். வியாழக்கிழமை மத்தியானம் அச்சகத்தில் தாள் கிடங்குக்குள் அண்ணி போவதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன். பழைய கம்ப்யூட்டர் அங்கே ஒரு மேசையில் கிடந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, மூணு நாளா என்னத்த மென்னு முழுங்குறீங்க? துப்பிடுங்க” என்றேன். என் பாணி அப்படித்தான்.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோக ஆளில்லை. நான் அப்போது பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணி புதிதாகப் புரோகிராம் போட்ட நேரம் அது. வேலையை விட்டுப் போனால் வரிசையில் கொட்டேஷன்கள் தேங்கும், தேங்கினால் வாடிக்கையாளர் வேறு அச்சகத்துக்குப் போய்விடுவார், முதலாளியின் அப்பா கத்துவார். விடுப்புக் கேட்கவும் பயம். அதனால் பன்னிரண்டரைக்குக் கிளம்பும்போது, பில் புத்தகங்களில் வரிசை எண் அடிக்கும் பழைய இரும்புக் கட்டையை எடுத்து என்டர் பட்டன்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வரிசையில் வந்து நின்றதெல்லாம் தானாகவே வெளியே போயிற்று. இரண்டரைக்குத் திரும்பி வந்து கட்டையை எடுத்துவிடுவார். பதினோரு நாள் அப்படி நடந்திருக்கிறது.

“விதைக்கடைக்காரர் காட்டுற காயிதம், அப்ப போனதுதான்” என்றார். “ரெண்டு பக்கமும் முழுப் பச்சை. மெல்லிசுத் தாள். ஒரு பக்கம் காய விட்டு மறுபடி ஓட்டணும், பாதித் தாள் வீணாப் போகும். கம்ப்யூட்டருக்கு அது எங்க தெரியும்? பாதி விலைல போயிடுச்சு. குடுத்த வாக்குக்காகப் பெரியவர் நஷ்டத்துலயே அடிச்சுக் குடுத்தார். தானே எங்கயோ தப்பாச் சொல்லிட்டேன்னு சாகற வரைக்கும் நெனச்சுக்கிட்டிருந்தார்.”

நாளைக்குக் கையெழுத்து. போட்டால் பொய்ச் சத்தியம், பதிவுகள் எதிராளி கைக்குப் போனதும் அகப்பட்டுக்கொள்வார். போடாவிட்டால் ஐந்தாவது அம்சமும் இருக்கிறது என்றாகி அச்சகமே போய்விடும். திரையில் அந்தப் பதினோரு நாளும் வரிசையாக இருந்தன. மற்ற நாட்களில் ஒரு கொட்டேஷனுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நாலு நிமிடம், ஏழு நிமிடம். அந்த நாட்களில் மட்டும் பன்னிரண்டரைக்குப் பிறகு வந்த நொடியிலேயே போயிருந்தது.

“அழிச்சிடுங்க” என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மறைக்க விரும்பவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். “யாருக்குத் தெரியப்போகுது? அழிச்சிடுங்க அண்ணி.”

அவர் கை மவுஸ்மேல் இருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தது. பக்கத்து அறையில் தாள் வெட்டும் மிஷினின் கத்தி இறங்கும் ஒவ்வொரு முறையும் இருவரும் திடுக்கிட்டோம். கடைசியில் கையை எடுத்துவிட்டார். “அழிச்சா, அழிச்ச தேதியும் நேரமும் பதிவாகும்” என்றார். நேர்மையால் அல்ல, பயத்தால்தான் எடுத்தார். அண்ணியைத் தியாகியாக்கிக் காட்ட நான் இதை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை வக்கீலம்மா வாக்குமூலத்தை நீட்டினார். அண்ணி பேனாவை வாங்கினார். முனை காகிதத்தைத் தொட்டுச் சின்னதாக ஒரு புள்ளி விழுந்தது. அதற்குமேல் நகரவில்லை.

“ஒரு விஷயம் சொல்லணும்” என்றார். முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணி அவரைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார், இரும்புக் கட்டை, ஆஸ்பத்திரி, விதைப் பாக்கெட், பெரியவரின் நஷ்டம் எல்லாம். முதலாளி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் முதுகைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வக்கீலம்மா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “இது எந்த வருஷம்?”

அண்ணி சொன்னார். வக்கீலம்மா தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, காப்புரிமையின் முதல் பக்கத்தில் விண்ணப்பத் தேதியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மறுபடி தலைக்கு ஏற்றினார்.

“அவங்க விண்ணப்பம் போட்டதுக்கு ரெண்டு வருஷம் முந்தி” என்றார் மெதுவாக. “காப்புரிமை புதுசாக் கண்டுபிடிச்சதுக்குத்தான் குடுப்பாங்க. அவங்களுக்கு முன்னாடியே நீங்க அதை வாடிக்கையாளருக்குச் செஞ்சு காட்டிட்டா, அதுல அவங்களுக்கு என்ன புதுசு? அம்மா, நீங்க சொல்லாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?”

சட்டம் தெரிந்தவர்கள் சந்தோஷப்படும் இடத்தில் எங்களைப் போன்றவர்கள் நடுங்குகிறோம். அண்ணி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் புரிந்தது போலத் தலையாட்டினேன்.

கம்ப்யூட்டர் பதிவு நம் வீட்டுச் சாட்சி, திருத்தியது என்பார்கள், வெளியாள் கையில் ஏதாவது இருக்கிறதா என்று வக்கீலம்மா கேட்டார். அன்று மாலையே விதைக்கடைக்குப் போனோம். அந்த மனிதர் நாலாக மடித்த காகிதத்தைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். மடிப்பில் கிழிந்து, விதைத் தூசி ஒட்டியிருந்தது. அதில் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தன. மத்தியானம் ஒன்று இருபத்திரண்டு. விவரங்களைப் பதிந்து அனுப்பிய அடுத்த நொடி அது வந்து சேர்ந்ததாக அவர் சாட்சி சொல்லவும் ஒத்துக்கொண்டார். “அப்பவே ஆச்சரியப்பட்டேன்மா, இவ்வளவு வேகமான்னு” என்றார்.

கம்பெனி போட்ட வழக்கின் விசாரணை கோர்ட்டில் ஒரு நீளமான அறையில் நடந்தது. அன்றைக்கு அண்ணி கட்டியிருந்த புடவை என்னுடையது. தன்னுடையது எதுவும் அந்த இடத்துக்கு எடுபடாது என்று காலையில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். எதிர்தரப்பு வக்கீல் உயரமானவர், குரலே எழுப்பாதவர். கத்துகிறவர்களைவிட அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம்.

“அந்த நேரத்தில் விலைகளைப் பார்த்தது யார்?” என்று கேட்டார்.

“யாரும் பாக்கல.”

“அனுப்பியது யார்?”

“கட்டை” என்றார் அண்ணி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

“கட்டையை வைத்தது நீங்கள். எனவே அது உங்கள் கைதான். மனிதத் தலையீடு இருந்தது, சரிதானே?”

எங்கள் வக்கீலம்மா எழுந்தார். “அப்படியே வச்சுக்குவோம். கட்டையே மனிதத் தலையீடு என்றால், தினமும் உட்கார்ந்து கண்ணால் பார்த்து அனுப்புவது எவ்வளவு பெரிய தலையீடு? அப்போது நாங்கள் இந்தக் கோரலை மீறவே இல்லை. கட்டை தலையீடு இல்லை என்றால், இவர்கள் கேட்கும் கண்டுபிடிப்பு இரண்டு வருடம் முன்பே எங்கள் மேசையில் நடந்துவிட்டது. இரண்டில் எது என்று அவர்களே சொல்லட்டும்.”

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. உயரமான வக்கீல் தன் காகிதங்களைச் சரிபண்ணிவிட்டு அண்ணியிடம் திரும்பினார்.

“தினமும் கண்ணால் பார்ப்பது பெரிய தலையீடு என்கிறார்கள். அது வெறும் பேருக்கு என்கிறேன் நான். அந்தப் பதினோரு நாளில் கட்டை அனுப்பியது மொத்தம் எத்தனை?”

“நூத்தி நாப்பத்தி மூணு.” அண்ணி காகிதம் எதையும் பார்க்கவில்லை. அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அதில் தவறாகப் போனது?”

அண்ணியின் கண் பின்வரிசையில் இருந்த முதலாளிமேல் போனது. அத்தனை நாளும் அவர் பயந்தது நான் நினைத்ததற்கு அல்ல. பொய்ச் சத்தியமும் இல்லை, ஜெயிலும் இல்லை. இந்த ஒரு கேள்வி. பதினோரு வருடமாக இதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அவர் பயந்திருக்கிறார்.

“ஒண்ணு” என்றார். மீதி நூற்று நாற்பத்திரண்டும் அவர் பார்க்காமலே சரியாகத்தான் போயிருந்தன.

“நன்றி” என்று சொல்லி வக்கீல் உட்கார்ந்தார்.

நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கட்டையை எதிர்தரப்பால் சமாளிக்க முடியவில்லை. அந்த உரிமைக்கோரல் செல்லாது என்று ஆகிவிட்டது. அச்சகம் தப்பியது, இருபத்திரண்டு பேரும் தப்பினோம். அண்ணியைத் தோளில் தூக்காத குறைதான். வக்கீலம்மா தொலைபேசியில், “இனிமே அந்த அஞ்சாவது அம்சம் யாருக்கும் சொந்தமில்ல, நீங்களும் தாராளமா தானாவே அனுப்பலாம்” என்று சிரித்தார். முதலாளி அதை எங்களிடம் அப்படியே சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை, யோசித்தார்.

அடுத்த வாரம் அண்ணியின் மேசைக்கு வந்து நின்றார். என் மேசை பக்கத்திலேயே இருப்பதால் நான் காதைத் தீட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

“அக்கா, உங்ககிட்டயே கேக்கறேன். இன்னும் ஒவ்வொண்ணையும் பாத்துதான் அனுப்பணுமா?”

மிரட்டவில்லை. உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அண்ணி ஒரு பொய் சொன்னால் போதும், அவர் நம்பிவிடுவார். அந்த அறையில் சத்தியம் வாங்க யாரும் இல்லை. நான் மனதுக்குள், சொல்லுங்க அண்ணி, ஆமான்னு சொல்லுங்க என்று கெஞ்சினேன்.

“வேண்டாம் தம்பி” என்றார் அண்ணி. “முழு நிறம் ரெண்டு பக்கமும் வந்தா மட்டும் நிறுத்தச் சொல்லி எழுதித் தரேன். மத்தது தானாவே போகட்டும்.”

அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். எழுதி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இப்போது அவரைத் தாள் வாங்கும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள், வருட முடிவு வரைக்கும். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இரும்புக் கட்டை, வழக்குச் சாட்சியமாகப் போனது, திரும்பி வந்து கிடங்கில் கிடக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அண்ணி தன் பழைய திரைக்கு முன்னால் வந்து கொஞ்ச நேரம் நிற்பார். வரிசை காலியாக இருக்கும். எல்லாம் போயிருக்கும்.

நேற்று நூற்று அறுபது பக்கப் புத்தகம் ஒன்றைப் பிழை பார்த்து முடித்தேன். இப்போதெல்லாம் என்னிடம் வரும் முன்பே கம்ப்யூட்டர் ஒரு தடவை திருத்திவிடுகிறது. வரிவரியாக, எழுத்தெழுத்தாக, மூன்று நாள் பார்த்தேன். முடித்ததும் நான் போட்ட சிவப்பு மைக் குறிகளை எண்ணினேன். அதற்கு முன்னால் நான் அதை எண்ணியதே இல்லை.

ஒன்றுதான் இருந்தது. பேருந்தில் அண்ணி, “என்ன, பேசாம வர?” என்று கேட்டார். தலைவலி என்றேன்.